ஐம்பத்தைந்து ரூபா இருபது சதம்

ஆடைத் தொழிற்சாலை பஸ்
ஆறு பத்துக்கு என் கடை வாசலில் நிற்கும்.
ஐந்து நிமிசம்.
அதற்குமேல் பெனடிற் அண்ணன் ஹோர்னில் கைவைப்பார்.
அதற்குள் பதினொரு பிள்ளைகள்,
பதினொரு காட்,
ஒரு மெசின்.

சம்பளம் காட்டில்தான் விழுகிறது.
காசெடுக்கும் இடம் கிளிநொச்சி ரவுணில்,
பஸ் போகாத திசையில்.
இருபத்தைந்தாம் திகதி அங்கே வரிசை றோட்டைத் தொடும்.
அதனால் வங்கிக்காரத் தம்பி மெசினோடு வந்தபோது
வேண்டாமென்று சொல்லவில்லை.
நூற்றுக்கு மூன்று வெட்டுவோம் என்றான்.
எங்கள் வயலிலும் ஒரு அட்டை இருக்கிறது தம்பி,
காலில் ஏறினால் வயிறு நிறைந்துதான் விழும் என்றேன்.
சிரித்தான். கையெழுத்து வாங்கினான்.

முதல் மாதம் முழுக்க மெசினோடு சண்டை.
தராசுக்குப் பின்னால் கவரேஜ் இல்லை.
சீனி மூடைக்கு மேல் ஒரு கோடு.
யன்னல் கம்பியடியில் மூன்று.
பழைய சைக்கிள் ரியூப்பால் அங்கேயே கட்டினேன்.
ஆயிரத்துக்குக் குறைந்தால் காட் இல்லை
என்று எழுதித் தொங்கவிட்ட மட்டையை அடுப்பில் வைத்தேன்.
பணிசும் ஷாம்பு பக்கற்றும் வாங்க வருகிறவளிடம்
ஆயிரம் கேட்கிறது என்ன நியாயம்?

ஐந்தரைக்கே பைகளைக் கட்டிவிடுவேன்.
டிலுக்சிகாவுக்கு அரைக்கிலோ பருப்பு, பால்மா.
மேரி நிறோசாவுக்கு நுளம்புத்திரி, அரிசி, தம்பிக்கு நாலு கொப்பி.
ஒவ்வொரு பையிலும் தொகை எழுதின துண்டு.
இலக்கம் அமத்துகிற நேரம்
தலையைத் திருப்பி பஸ்ஸின் பின்சில்லைப் பார்ப்பேன்.
அந்தச் சில்லில் எத்தனை நட்டென்று
பெனடிற் அண்ணனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.
ஒருநாள் பதினொரு பேருக்கும் சேர்த்து
நாலு நிமிசம் இருபது செக்கன்!

பிறகு அந்த வெள்ளிக்கிழமை, மழை.
நிறோசாவின் காட்டை வாங்கிய மெசின்
சுற்றியது, சுற்றியது,
தோல்வி என்று கடதாசி துப்பியது.
பின்னால் நின்ற பிள்ளைகள் கதையை நிறுத்தினார்கள்.
அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.
திருப்பி வைத்தோம். எடுத்தது.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

பனிக்கன்குளம் தாண்டியிருப்பாள், போன் வந்தது.
“அக்கா, ரெண்டு தரம் வெட்டியிருக்கு.”
வங்கிக்கு அடித்தேன். கனநேரம் பாட்டுப் போட்டார்கள்.
கடதாசியில் தோல்வி என்றால் தோல்விதான்,
அப்படிப் போயிருந்தாலும்
பதினாலு வேலைநாளில் தானாய்த் திரும்பும் என்றது ஒரு குரல்.
பிள்ளை பொய் சொல்லுதோ என்று அது கேட்கவில்லை.
ஆனால் கேட்டது.

கடதாசி.
முகாமில் எனக்கும் ஒரு அட்டை தந்திருந்தார்கள், இலக்கத்தோடு.
அரிசி வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்று
மேசையடிக்குப் போனால்
அந்த இலக்கம் பட்டியலில் இல்லை.
“நீங்கள் இல்லை” என்றான் எழுதுகிறவன்,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

லாச்சியைத் திறந்து எண்ணினேன்.
பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு வந்தவரை மறித்து
விடிய அவளை ஏற்றேக்க கையில குடுங்கோ என்றேன்.
பெனடிற் அண்ணன் ஒன்றும் கேட்காமல்
சேட் பையில் வைத்து ஊசி குத்தினார்.

இப்போது புதுச் சட்டம்.
மெசின் தோல்வி என்றாலும்
பிள்ளையின் போன் என்ன சொல்லுதென்று பார்க்காமல்
இரண்டாந்தரம் காட் வைப்பதில்லை.
மழைநாளில் ஐந்து நிமிசம் ஏழாகிறது.
ஹோர்ன் அடிக்கிறார். அடிக்கட்டும்.

காசு இருபதாம் நாள் அவள் கணக்குக்குத் திரும்பியது.
ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லாத நாள்,
நிறோசா கடைக்கு வந்தாள்.
ரவுணுக்குப் போய் வரிசையில் நின்று எடுத்த புதுத்தாள்கள்.
ஏன் பிள்ளை அலைஞ்சனீ,
நாளைக்குக் காட்டிலயே இழுத்திருக்கலாமே என்றேன்.
“அதில தந்தா
உங்களுக்கு ஐம்பத்தஞ்சு ரூபா இருபது சதம் வெட்டும் அக்கா”
என்றாள்,
வெயிலில் உரிந்த மூக்கைத் துடைத்தபடி.